அதிர்வைத் தேடிச் சென்றவர்கள்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். எந்த ஆண்டில் எந்த வண்டி மணிக்கு எத்தனை மைல் ஓடிற்று, எந்தப் பந்தயத்தில் எவர் வாகை சூடினார் என்னும் செய்திகள் நூல்களில் நிரம்பக் கிடைக்கின்றன. அந்த வேகத்தை மனித உடம்பும் வண்டியின் எலும்புக்கூடும் எவ்வாறு தாங்கிக்கொண்டன என்று கேட்டாலோ, அதற்கு விடை கூறும் பக்கங்கள் மிகச் சில. வேகம் பெருகப் பெருக அதனுடன் ஒட்டிப் பிறந்த உடன்பிறப்பாக அதிர்வும் பெருகிற்று. அவ்வதிர்வு எங்கே பிறக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து அதனை அடக்க முயன்றோரின் கதை, அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கும் அதனைக் கற்கும் மாணவர்க்கும் பயன் தரக்கூடிய கதை என்பது என் எண்ணம். குறிப்பாகப் பழைய ஆங்கிலேய விளையாட்டுக் கார்களை இன்றும் பேணி ஓட்டுவோர் இவ்வரலாற்றை நாள்தோறும் தம் கைவிரல்களில் உணர்ந்துகொண்டிருக்கின்றனர்.

முதலில் அதிர்வு ஏன் பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலே ஏறி, ஒரு கணம் நின்று, பின் கீழே பாய்கிறது. கீழே சென்றதும் மறுபடியும் நின்று மேலே திரும்புகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு சிறு காரில் இந்த ஏற்றமும் இறக்கமும் நொடிக்கு ஐம்பது அறுபது முறை நிகழ்கின்றன. ஓடும் பேருந்து திடீரென நின்றால் நாம் முன்னே சாய்கிறோமே, அதே சடத்துவம்தான் பிஸ்டனுக்கும் உண்டு. அதனை நிறுத்தித் திருப்பும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் தன்னைத் தாங்கும் சட்டத்தை உதைக்கிறது. இதனோடு எரிபொருள் வெடிக்கும்போதெல்லாம் கிராங்க் தண்டு ஒரு முறுக்கு வாங்குகிறது. ஆக, உதையும் முறுக்குமாகிய இவ்விரண்டும் எஞ்சினுக்குள்ளேயே குடியிருக்கும் அதிர்வுக்கு மூலங்கள். சக்கரமும் டயரும் நீள்தண்டும் தரும் அதிர்வுகள் வேறு. அவற்றுக்குப் பின்னர் வருவோம்.

1890களில் ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவை ஓர் உருளையோ இரண்டு உருளைகளோ கொண்டவை. அவற்றில் அமர்ந்து சென்றோர் நின்ற இடத்திலேயே குலுங்கினர். குதிரை வண்டியில் பழகியோர்க்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை போலும். அதனைக் குறையென்று உணர்ந்து, அதற்குக் கணக்கிட்டு விடை கண்ட முதல் மனிதருள் ஒருவர் பிரெடரிக் வில்லியம் லான்செஸ்டர். 1868இல் லண்டனில் பிறந்த இவர், 1895–96ஆம் ஆண்டுகளில் தம் முதல் காரை உருவாக்கினார். இங்கிலாந்திலேயே முழுமையாக வடிவமைக்கப்பட்ட முதல் நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டி என்று அதனைக் குறிப்பிடுவர். ஒற்றை உருளை எஞ்சின் தந்த குலுக்கல் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அடுத்து அவர் அமைத்த எஞ்சினில் இரண்டு உருளைகள் எதிரெதிராகக் கிடந்தன. கிராங்க் தண்டும் ஒன்றன்று, இரண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக இருந்து எதிரெதிர்த் திசையில் சுழன்றன. இரண்டு பிஸ்டன்களுக்கு ஆறு இணைப்புத் தண்டுகள்! பார்ப்போர்க்கு வீண் சிக்கலாகத் தோன்றும். ஆயினும் ஒரு தண்டு ஒரு பக்கம் தள்ளுவதை மற்றொரு தண்டு எதிர்ப்பக்கம் தள்ளிச் சரிக்கட்டியதால், அக்காலத்து வண்டிகளிடையே அது வியக்கத்தக்க அமைதியுடன் ஓடிற்று. 1899இல் பர்மிங்காம் நகரில் தொடங்கப்பட்ட அவருடைய நிறுவனம் இத்தகைய எஞ்சின்களையே பொருத்தி வண்டிகளை விற்றது.

பின்னர் உலகம் நான்கு உருளை எஞ்சினை ஏற்றுக்கொண்டது. நான்கு உருளைகளும் ஒரே வரிசையில் நிற்க, இரண்டு பிஸ்டன்கள் மேலே செல்லும்போது இரண்டு கீழே வரும். மேற்போக்காகப் பார்த்தால் தராசின் இரு தட்டுகள்போல் எல்லாம் சமமாகிவிட்டதாகவே தோன்றும். ஆனால் அவ்வாறு ஆவதில்லை. இந்த இடத்தை மாணவர்கள் கேட்டுக் கடந்துவிடாமல், கவராயமும் அளவுகோலும் கொண்டு தாளில் வரைந்து பார்ப்பது நல்லது. பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர், அதனைக் கிராங்க் தண்டோடு பிணைக்கும் இணைப்புத் தண்டின் நீளம் 165 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் தண்டு உச்சியிலிருந்து கால் சுற்றுச் சுற்றும்போது பிஸ்டன் பாதித் தொலைவாகிய 45 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும் என்றுதான் நம் மனம் எதிர்பார்க்கும். வரைந்து அளந்தால் ஏறக்குறைய 51 மில்லிமீட்டர் இறங்கியிருப்பது தெரியவரும். எஞ்சிய 39 மில்லிமீட்டரை அடுத்த கால் சுற்றில் கடக்கிறது. இணைப்புத் தண்டு சாய்ந்து நிற்பதே இதற்குக் காரணம். எனவே உச்சியில் பிஸ்டன் திரும்பும் வேகம் மிகுதி. அடியில் திரும்பும் வேகம் குறைவு. மேலே திரும்பும் இரண்டு பிஸ்டன்களின் உதையைக் கீழே திரும்பும் இரண்டும் முழுமையாக ஈடுசெய்ய இயலாமற் போகிறது. மேற்சொன்ன அளவுகளை வைத்துக் கணக்கிட்டால், ஈடாகாமல் எஞ்சி நிற்கும் விசை, ஒரு பிஸ்டன் முழுவதும் சமன் செய்யப்படாமல் விடப்பட்டால் எழும் உதைக்கு ஏறத்தாழ ஒப்பானது. ஒரு சுற்றுக்கு இருமுறை இது எழுகிறது. இதனை இரண்டாம்படி அதிர்வு என்பர். எஞ்சினின் வேகம் இருமடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். விரைந்து சுழலும் விளையாட்டுக் காரின் எஞ்சினில் இது எத்துணைத் தொல்லை தந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

நான்கில் உள்ள குறையைத் தவிர்க்க எண்ணியோர் ஆறு உருளைகளை நாடினர். ஆறு உருளைகளை வரிசையாக நிறுத்தி, கிராங்க் தண்டின் வளைவுகளை 120 பாகை இடைவெளியில் அமைத்தால் முதற்படி, இரண்டாம்படி உதைகள் யாவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆயினும் எதிர்பாராத மற்றோர் இடர் தலைதூக்கிற்று. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் 1905ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய 30 குதிரைத்திறன் கொண்ட ஆறு உருளை வண்டியில், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் எஞ்சின் கடுமையாக நடுங்கிற்று. அந்த வேகத்தைக் கடந்துவிட்டால் நடுக்கம் அடங்கிற்று. கிராங்க் தண்டுகள் முறிந்தும் போயின. சமன் செய்யப்பட்ட எஞ்சின் ஏன் நடுங்க வேண்டும்?

ஈரத் துணியைப் பிழியும்போது இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்குகிறோம். ஆறு உருளைகளைத் தாங்கும் நீண்ட கிராங்க் தண்டு எஃகினால் ஆனதாயினும், ஒவ்வொரு வெடிப்பிலும் அவ்வாறே சிறிது முறுக்கிக்கொண்டு பின் மீள்கிறது. ஊஞ்சல் மீண்டு வரும் தருணம் பார்த்து ஒவ்வொரு முறையும் சிறிதே தள்ளினாலும் அது மேலும் மேலும் உயர்கிறதல்லவா? வெடிப்புகளின் தாளமும் தண்டின் இயற்கையான முறுக்கு மீட்சியின் தாளமும் ஒன்றுபடும் வேகத்தில், சிறு முறுக்கு பெருமுறுக்காகித் தண்டையே முறித்துவிடுகிறது. இதுவே முறுக்கதிர்வு. ஹென்றி ராய்ஸ் முறையான கல்லூரிப் படிப்பு இல்லாதவர். ஆனால் இரும்பின் இயல்பை விரல் நுனியில் அறிந்தவர். அவர் அடுத்து அமைத்த 40/50 வண்டியில் கிராங்க் தண்டைத் தடிமனாக்கி, ஏழு தாங்கிகளின்மேல் கிடத்தினார். 'சில்வர் கோஸ்ட்' என்று பின்னர்ப் பெயர் பெற்ற வண்டி இதுவே. 1907இல் நடந்த சோதனையோட்டத்தில் 14,371 மைல் ஓடி அது பெயரை நிலைநாட்டிற்று. தண்டின் முன்முனையில் உராய்வினால் மட்டுமே பற்றி நிற்கும் ஒரு சிறு சக்கரத்தைப் பொருத்தும் உத்தியையும் ராய்ஸ் கையாண்டார். தண்டு சீராகச் சுழலும்போது அச்சக்கரமும் உடன் சுழலும். தண்டு முறுக்கிக்கொண்டு துடிக்கும்போது சக்கரம் வழுக்கி, அத்துடிப்பின் ஆற்றலை உராய்வில் வெப்பமாக்கிக் கரைத்துவிடும்.

அதே காலத்தில் லான்செஸ்டரும் இதே நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1909 முதல் டைம்லர் நிறுவனத்திற்கு ஆலோசகராக இருந்த அவர், எண்ணெய்க்குள் மூழ்கிய பல தகடுகளைக் கொண்ட ஓர் அடக்கியை வடிவமைத்து 1910இல் காப்புரிமை பெற்றார். இவ்வடக்கியை முதலில் கண்டறிந்தவர் எவர் என்பதில் இரு தரப்பினர்க்கும் பூசல் எழுந்தது. வரலாற்றாசிரியர் சிலர் ராய்ஸின் பக்கமும், சிலர் லான்செஸ்டரின் பக்கமும் நிற்கின்றனர். என்னைக் கேட்டால், கைப்பழக்கத்தால் உண்மையைத் தொட்டவர் ராய்ஸ். ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்று கணக்கால் விளக்கி, எவரும் பின்பற்றத்தக்க வழியாக அதனை மாற்றியவர் லான்செஸ்டர் என்பேன். வணிக உலகம் முன்னவரை நினைவில் வைத்தது. பின்னவரின் பெயரை விமானவியலும் போரியல் கணக்கும் படிப்போர் அறிவர். கார் ஓட்டுவோரில் எத்தனை பேர் அறிவர்?

நான்கு உருளை எஞ்சினின் இரண்டாம்படி அதிர்வுக்கும் லான்செஸ்டர் ஒரு மருந்து கண்டார். ஒரு பக்கம் கனம் மிகுந்த இரண்டு தண்டுகளை எஞ்சினுக்கு அடியில் பொருத்தி, அவை கிராங்க் தண்டைப்போல் இருமடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலுமாறு செய்தார். பக்கவாட்டில் அவற்றின் உதைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேலும் கீழுமாக எழும் உதை மட்டும் எஞ்சும். பிஸ்டன்களின் எஞ்சிய உதை மேல்நோக்கி எழும் தருணத்தில் இத்தண்டுகளின் உதை கீழ்நோக்கி அமையும்படி பற்சக்கரங்களைக் கோத்துவிட்டால் இரண்டும் தீர்ந்துபோகும். அதிர்வை அதிர்வால் அடக்கும் இம்முறை, முள்ளை முள்ளால் எடுப்பது என்னும் நம் பழமொழிக்கு எடுத்துக்காட்டாக வைக்கத் தக்கது. 1920களில் வாக்ஸால் நிறுவனம் தன் 23-60 வண்டியில் இதனைப் பயன்படுத்தியது. எனினும் இது பரவவில்லை. இருமடங்கு வேகத்தில் சுழலும் தண்டுகளையும் பற்சக்கரங்களையும் செய்ய ஆகும் செலவில் வேறு வழி தேடலாம் என்று உற்பத்தியாளர்கள் கருதினர்.

அந்த வேறு வழி நமக்கு மிகவும் நெருக்கமானது. அதிர்வு பிறப்பதைத் தடுக்க இயலாவிட்டால், அது பயணிகளைச் சென்றடையாமல் தடுக்கலாமல்லவா? அதற்கு ரப்பர் துணை வந்தது. 1931இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் பிளிமத் வண்டியில் 'மிதக்கும் சக்தி' என்ற பெயரில் ஒரு முறையை அறிமுகப்படுத்தியது. எஞ்சினின் எடைமையத்தின் வழியே செல்லும் ஒரு கற்பனை அச்சைக் கணித்து, அந்த அச்சின் இரு முனைகளிலும் ரப்பர் தாங்கிகளை வைத்து எஞ்சினைத் தொங்கவிட்டனர். எஞ்சின் தன் அச்சைச் சுற்றித் தாராளமாக ஆடிற்று; சட்டமோ அமைதியாக நின்றது. நான்கு உருளை வண்டி ஆறு உருளை வண்டிபோல் ஓடுகிறது என்று மக்கள் வியந்தனர். மறு ஆண்டே பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் இவ்வுரிமையைப் பெற்றுத் தன் வண்டிகளில் அமைத்து, மிதக்கும் அன்னப்பறவையை அதன் சின்னமாகப் பொறித்தது.

அக்காலத்தில் உலகில் மிகுதியான இயற்கை ரப்பரை விளைவித்த நாடு மலாயா. அதனை மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. ஆனால் அதே 1930–32ஆம் ஆண்டுகளில்தான் உலகப் பொருளாதார வீழ்ச்சியினால் ரப்பர் விலை சரிந்து, தோட்டங்களிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையினராகக் கப்பலேற்றித் தாயகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். டெட்ராய்ட்டின் எஞ்சினை அமைதிப்படுத்திய ரப்பர்த் துண்டு எந்தத் தோட்டத்துப் பாலிலிருந்து வந்தது என்று எவராலும் கூற இயலாது. அதனை வெட்டியெடுத்தவர் நம் பாட்டனாராகவும் இருக்கலாம் என்னும் எண்ணத்தோடு இந்தப் பகுதியை வகுப்பில் சொல்லும்போது, பிள்ளைகளின் முகத்தில் ஒரு மாற்றத்தை நான் கண்டிருக்கிறேன். எஞ்சின் தாங்கிக்கு இன்றளவும் இயற்கை ரப்பரே விரும்பப்படுகிறது. பல கோடி முறை அமுங்கி மீண்டாலும் எளிதில் தளராத அதன் தன்மைக்கு ஈடான செயற்கைப் பொருள்கள் குறைவு. 1985இல் கலிபோர்னியாவின் ராஞ்சோ குக்கமோங்காவில் நிலநடுக்கத்தைத் தாங்குமாறு எழுப்பப்பட்ட நீதிமன்றக் கட்டடம் நின்றதும், இங்கிலாந்தில் இயங்கிய மலேசிய ரப்பர் ஆய்வுக் கழகம் உருவாக்கிய இயற்கை ரப்பர்த் தாங்கிகளின் மேல்தான்.

இனி விளையாட்டுக் கார்களுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நியச் செலாவணி தேவைப்பட்ட இங்கிலாந்து, இரண்டு இருக்கைகள் கொண்ட திறந்த வண்டிகளை ஏராளமாகச் செய்து ஏற்றுமதி செய்தது. 1948இல் ஜாகுவார் நிறுவனம் எக்ஸ்கே 120 வண்டியைக் காட்சிக்கு வைத்தபோது, அதில் ஏழு தாங்கிகளின்மேல் சுழலும் ஆறு உருளை எஞ்சின் இருந்தது. அதனுடன் நான்கு உருளை எஞ்சின் கொண்ட எக்ஸ்கே 100 என்னும் வண்டியும் வருமென அறிவித்தனர். அது விற்பனைக்கு வரவேயில்லை. மலிவான வண்டிகளைச் செய்தோர்க்கு அத்தகைய தேர்வு இருக்கவில்லை. அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்திற்கும் மேலாகச் செய்யப்பட்ட எம்ஜிபி வண்டி, நான்கு உருளை எஞ்சினைக் கொண்டது. தொடக்கத்தில் அதன் கிராங்க் தண்டை மூன்று தாங்கிகளே தாங்கின. 1964இன் பிற்பகுதியில் அவற்றை ஐந்தாக உயர்த்தினர். தண்டு வளைவது குறைந்தது, ஓட்டமும் மென்மையாயிற்று. விரைந்து சுழலும் இயல்பு பழைய மூன்று தாங்கி எஞ்சினுக்கே சற்று மிகுதி என்று வாதிடுவோரும் உண்டு. உராய்வு குறைவாதலால் அதில் ஓரளவு உண்மை இருக்கலாம்.

ஜாகுவார் 1961இல் ஜெனீவாவில் வெளியிட்ட இ-டைப் வண்டியில் அதிர்வை அடக்கிய விதம் தனிச்சிறப்புடையது. பின்சக்கரங்கள், பற்சக்கரப் பெட்டி, தடுப்பான்கள் ஆகிய அனைத்தையும் ஓர் எஃகுக் கூட்டில் சேர்த்து, அக்கூட்டையே ரப்பர்த் துண்டுகளின் வழியாக உடலோடு பிணைத்தனர். அந்நிறுவனத்தின் பொறியாளர் பாப் நைட், ஒலியும் நடுக்கமும் உடலை எட்டாமல் மறிப்பதில் வல்லவர் என்று பெயர் பெற்றவர். அதே 1960களில் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் நேர்மாறான வழியில் ரப்பரைப் பயன்படுத்திற்று. 1962இல் வந்த ஈலான் வண்டியில், பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகளின் மூட்டுகளே வளையம் போன்ற ரப்பர்க் கண்ணிகளாக அமைந்தன. எடை குறைந்தது, செலவும் குறைந்தது. ஆனால் கிளட்சைச் சட்டென்று விட்டால் ரப்பர் முறுக்கேறி, பின் அவிழ்ந்து, வண்டி முன்னும் பின்னுமாக இழுத்து விளையாடும். இவ்வண்டியை முதன்முதலாக ஓட்டுவோர் ஏதோ பழுதென்றே கருதுவர். 1996 முதல் 2017 வரை லோட்டஸ் நிறுவனம் நம் புரோட்டோனின் உடைமையாக இருந்தது என்பதை மலேசிய மாணவர்க்கு நினைவூட்டலாம்.

இத்தகைய வண்டிகளுக்கு இப்போது ஐம்பது அறுபது வயதாகிவிட்டது. ரப்பர் இறுகிற்று, மூட்டுகள் தேய்ந்தன, ஆரக்கம்பிச் சக்கரங்கள் கோணலாயின. அவற்றில் அதிர்வைத் தேடுவோர் பெரும்பாலும் தொடங்குவது பணப்பையிலிருந்து. டயரை மாற்றுகின்றனர், பயனில்லை. எஞ்சின் தாங்கிகளை மாற்றுகின்றனர், அப்போதும் பயனில்லை. அறிவியல் வழி வேறு. ஒவ்வொரு சுழலும் உறுப்புக்கும் தனக்கென ஒரு தாளம் உண்டு. அதிர்வின் தாளத்தைக் கண்டால் குற்றவாளியின் பெயரைக் கண்டுவிடலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். டயர் ஒரு முறை உருண்டால் 1.9 மீட்டர் செல்கிறது என்க. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 14.6 சுற்று. பின் அச்சின் பல் விகிதம் 3.9 எனில், எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் நீள்தண்டு நொடிக்கு 57 சுற்று, அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,420 சுற்றுச் சுழலும். நான்காம் கியர் நேரடியானது. ஆகவே எஞ்சினும் அதே 3,420. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். நான்காம் கியரில் மட்டும் ஓட்டிப் பார்ப்பவருக்கு எஞ்சினும் நீள்தண்டும் ஒரே தாளத்தில் துடிப்பதால் எது எதுவென்று பிரித்தறிய முடியாது. மூன்றாம் கியருக்கு மாறினால், அதன் விகிதம் 1.4 எனக் கொண்டு, அதே சாலை வேகத்தில் எஞ்சின் 4,800ஐ நெருங்கும். நீள்தண்டோ 3,420லேயே நிற்கும். இப்போதும் அதே வேகத்தில் அதே நடுக்கம் இருந்தால் எஞ்சின் குற்றமற்றது. கிளட்சை அழுத்தி எஞ்சினைத் தணியவிட்டு வண்டியை ஓடவிட்டாலும் இதே உண்மை விளங்கும்.

சக்கரத்தின் குறை மெதுவான தாளமுடையது. திசைதிருப்பும் வளையத்தில் கைகளுக்கும், இருக்கையில் முதுகுக்கும் அது தெரியும். சக்கரத்தின் விளிம்பில் 30 கிராம் எடை ஒரு பக்கம் மிகுந்திருந்தால் என்ன ஆகிவிடும் என்று எண்ண வேண்டா. 14 அங்குலச் சக்கரத்தில், மேற்சொன்ன வேகத்தில், அச்சிறு எடை நான்கரைக் கிலோ பாரத்திற்கு ஒப்பான விசையோடு சுற்றிச் சுற்றி இழுக்கும். பல கார்களின் சக்கரமும் அச்சும் ரப்பரின்மேல் துள்ளும் இயற்கைத் தாளமும் நொடிக்கு 10 முதல் 15 வரை இருப்பதால், 90, 100 கிலோமீட்டரில் எழும் நடுக்கம் 120இல் மறைந்துபோவதும் உண்டு. ராய்ஸின் ஆறு உருளை எஞ்சினில் கண்ட அதே ஊஞ்சல்தான் இதுவும். 1920களில் காற்று மிகுந்த அகன்ற டயர்களும் முன்சக்கரத் தடுப்பான்களும் வந்தபோது, முன்னச்சு முழுவதும் இடமும் வலமுமாக வெறிகொண்டு ஆடும் நோய் பரவிற்று. ஒற்றை அச்சின் இரு முனைகளிலும் பம்பரம்போல் சுழலும் சக்கரங்களுள் ஒன்று ஏறினால் அச்சு சாய்கிறது. சாய்ந்தால் பம்பரத்தின் இயல்புப்படி சக்கரம் பக்கவாட்டில் திரும்புகிறது. இதற்கு முடிவு கட்டும் முயற்சியே, 1934இல் அமெரிக்க வண்டிகளில் தனித்தனியே ஏறியிறங்கும் முன்சக்கர அமைப்பு பரவியதற்கு ஒரு காரணம். ரோல்ஸ்-ராய்ஸில் பணியாற்றிப் பின் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்த மாரிஸ் ஆலி இதில் முன்னின்றார்.

நீள்தண்டின் கதை இன்னும் பழமையானது. கோணத்தில் வளைந்தபடியே சுழற்சியைக் கடத்தும் மூட்டினை, 1676இல் இராபர்ட் ஹுக் சூரியனை நோக்கும் கருவி ஒன்றிற்காக விவரித்தார். அவர் காலத்துக்கு முன்னரே கார்டானோ என்னும் இத்தாலியரின் பெயரோடும் இது தொடர்புபடுத்தப்பட்டுள்ளது. இம்மூட்டுக்கு ஒரு குறையுண்டு. உள்ளே வரும் தண்டு சீராகச் சுழன்றாலும், வெளியே செல்லும் தண்டு ஒரு சுற்றில் இருமுறை விரைந்து இருமுறை தாழும். 10 பாகைக் கோணத்தில் இவ்வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரை அளவே. ஆனால் நொடிக்கு நூறு முறைக்கு மேல் நிகழும்போது அது நடுக்கமாகிறது. தண்டின் மறுமுனையிலும் அதே கோணத்தில் ஒரு மூட்டை, சரியான நிலையில் பொருத்தினால் முதல் மூட்டின் பிழையை இரண்டாவது அழித்துவிடும். நிலை மாறிப் பொருத்தினாலோ பிழை இரட்டிக்கும்.

1990களில் ஒரு சிற்றூர்ப் பட்டறையில் இதனை நேரில் கண்டேன். மருத்துவர் ஒருவர் தம் பழைய ஆங்கிலேய வண்டியைக் கொண்டுவந்திருந்தார். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டதும் தரைப்பலகை தேனீக்கூடுபோல் இரைந்தது. டயர், சக்கரம், எஞ்சின் தாங்கி அனைத்தையும் மாற்றியாயிற்று. பட்டறையின் முதியவர் எதையும் கழற்றவில்லை. "டாக்டர் ஐயா, எந்த வேகத்துல, எந்தக் கியர்ல?" என்று மட்டும் கேட்டார். பிறகு எங்களையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துச் சாலையில் ஓட்டினார். நான்காம் கியர், மூன்றாம் கியர், பிறகு கிளட்சை அழுத்தி எஞ்சினை அடக்கியும் ஓட்டினார். இரைச்சல் அதே வேகத்தில் அப்படியே இருந்தது. "எஞ்சின் இல்ல. சக்கரம்னா இவ்வளவு பொடியா நடுங்காது. தண்டுதான்" என்றார். வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தபோது, நீள்தண்டின் இரு பாகங்களும் ஒன்றினுள் ஒன்று நுழையும் பல்வரிசைக்கருகில் இரண்டு அம்புக்குறிகள் இருந்தன. ஒன்றையொன்று நோக்க வேண்டிய அவை விலகி நின்றன. முன்பு எங்கோ கழற்றியவர் குறியைப் பாராமல் மாட்டிவிட்டார். பெரியவர் தண்டை இழுத்து, குறிகளை நேராக்கி மீண்டும் நுழைத்தார். அரை மணி நேர வேலை. அவர் எந்த நூலிலும் ஹுக்கின் பெயரைப் படித்திருக்க மாட்டார். ஆயினும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து ஐயத்தை நீக்கும் அவர் முறை, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் சோதனை முறை என்று படித்ததே.

ஈலான் வண்டியின் ரப்பர்க் கண்ணிகளை நீக்கி, சீரான வேகம் கடத்தும் புதிய வகை மூட்டுகளைப் பொருத்துவோர் இன்று பலர். அவை சாப்மன் அமைத்தபடியே இருக்க வேண்டும் என்று காப்போரும் உள்ளனர். என் சார்பு பின்னவர் பக்கமே. இறுகிப்போன ரப்பரைப் புதுப்பிப்பதும் கோணலான சக்கரத்தை நேராக்குவதும் கடமை. அமைத்தவன் அறிந்தே விட்டுவைத்த துடிப்பைத் துடைத்துவிட்டால் எஞ்சுவது வேறொரு வண்டி.

லான்செஸ்டரின் எதிர்ச்சுழல் தண்டுகளை உலகம் ஏறத்தாழ மறந்திருந்தது. 1970களின் நடுவில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் அவற்றை மீட்டது. பெரிய நான்கு உருளை எஞ்சினில் ஆறு உருளையின் அமைதியைப் பெற விரும்பிய அதன் பொறியாளர்கள், இரண்டு தண்டுகளையும் ஒரே மட்டத்தில் வைக்காமல் ஒன்றை உயரத்திலும் மற்றொன்றைத் தாழ்விலும் வைத்தனர். இதனால் மேல்கீழ் உதையோடு எஞ்சின் பக்கவாட்டில் உருளும் ஆட்டமும் குறைந்தது. அமைதித் தண்டு என்று பெயரிட்டுக் காப்புரிமையும் பெற்றனர். 1985இல் நம் முதல் புரோட்டோன் சாகாவுக்குத் தொழில்நுட்பம் தந்த அதே நிறுவனம் இது. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 944 என்னும் விளையாட்டுக் காரைச் செய்ய முனைந்தபோது, அதன் இரண்டரை லிட்டர் நான்கு உருளை எஞ்சின் தன் பெயருக்குத் தகாதபடி நடுங்கக் கண்டது. தானே ஒரு வழி காண முயன்ற போர்ஷே, இறுதியில் மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கி, செய்த ஒவ்வொரு வண்டிக்கும் தொகை செலுத்தியது.

லான்செஸ்டர் 1946 மார்ச்சில் காலமானார். கடைசி ஆண்டுகளில் பார்வை மங்கியிருந்தது. கையில் பெரும்பொருள் ஏதுமில்லை. அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1931லேயே பிறர் கைக்குப் போய்விட்டிருந்தது. 944இன் உரிமத் தொகை ஜப்பானுக்குச் சென்ற காலத்தில், எதிர்ச்சுழல் தண்டுகளுக்கு அவர் பெற்ற காப்புரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் கடந்துவிட்டிருந்தன.